வைரஸ் என்பது கிருமியா, நச்சுயிரியா?

வீட்டில் ஒருவருக்குச் சளியும் காய்ச்சலும் வந்தவுடன் கைப்பேசியை எடுத்து இணையத்தில் தமிழில் தேடுகிறோம். "சளி ஒரு கிருமியால் வருகிறது" என்கிறது ஒரு பக்கம். "ஆன்டிபயாடிக் என்பது கிருமிக்கொல்லி" என்கிறது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்தவர் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று முடிவு கட்டினால், பிழை அவருடையதன்று. வைரஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் கிருமி என்று எழுதியவருடையது. அப்படியானால் வைரஸுக்குத் தமிழில் எந்தச் சொல்லை ஆள்வது?

வைரஸ், இலத்தீனில் நஞ்சைக் குறித்த சொல். புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்த டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து சென்ற நோய்க்காரணியை 1898இல் அச்சொல்லால் குறித்தார். கணினியில் பிற நிரல்களுக்குள் தன்னையே படியெடுத்து நுழைத்துக்கொள்ளும் நிரலை, 1984இல் அமெரிக்கக் கணினி அறிஞர் பிரெட் கோஹென் தம் ஆய்வுக் கட்டுரையில் அதே பெயரால் வரையறுத்தார்.

கிருமி என்பதோ புழுவைக் குறிக்கும் வடசொல். இராமானுசரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு கூறும் சோழனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர். கண்டத்தில், அதாவது கழுத்தில், புண்ணாகிப் புழு வைத்தவன் என்பது அதன் பொருள். இன்று அச்சொல் நோய் தரும் நுண்ணுயிர் எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராகிவிட்டது. வடசொல் என்பதற்காக அதை நான் மறுக்கவில்லை. பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக ஆள்வதையே மறுக்கிறேன். காசநோயையும் டைபாய்டையும் தருவது பாக்டீரியா. டெங்குவையும் சாதாரண சளியையும் தருவது வைரஸ். பாக்டீரியா, தனக்கென்று செல்சுவரும் புரதம் செய்யும் அமைப்பும் கொண்ட உயிரணு. பெரும்பாலான ஆன்டிபயாடிக் மருந்துகள் தாக்குவது இவற்றைப் போன்ற பாக்டீரியாவின் உறுப்புகளைத்தான். வைரஸிடம் இவை இல்லாததால் அம்மருந்து அதனிடம் செல்லாது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரே சொல்லுக்குள் புதைத்துவிட்டு, மக்கள் கண்டபடி மருந்து விழுங்குகிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை.

கணினித் துறையில் குழப்பம் இன்னும் கூடுகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சல் இணைப்பாக வந்து உலகெங்கும் பரவிய நிரலைத் தமிழில் கணினிக் கிருமி என்று எழுதுவோர் உண்டு. இணைப்பைத் திறந்ததும், அந்தக் கணினியின் முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அது தன் படியைத் தானே அனுப்பியது. இப்படித் தனித்தியங்கிப் பரவுவதைப் புழு என்றும், வேறொரு நிரலில் ஒட்டிக்கொண்டு பரவுவதை வைரஸ் என்றும் கணினியாளர்கள் பிரிப்பார்கள். புழு என்று பொருள்படும் சொல்லையே வைரஸுக்குக் கொடுத்துவிட்டால், உண்மையான புழுவை எப்படி அழைப்பது? அகராதியைப் புரட்டாமல் காதில் விழுந்த முதல் சொல்லை வைத்துத் தள்ளிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

தீநுண்மி என்ற ஆக்கமும் வழக்கில் இருக்கிறது. தூய தமிழ்தான், ஆனால் தெளிவு போதாது. நுண்மி என்பது நுண்ணியது என்ற அளவிலேயே நிற்கிறது. தீமை செய்யும் நுண்ணியவற்றில் பாக்டீரியாவும் அடங்கும். ஆகவே கிருமியிடம் கண்ட அதே குறை இதனிடமும் உண்டு. படிப்பவர் தீ என்பதை நெருப்பு என்று கொள்ளவும் இடமிருக்கிறது.

நச்சுயிரி என்பதே என் தேர்வு. மூலச்சொல்லின் நஞ்சு அதில் அப்படியே இருக்கிறது. வைரஸை உயிர் என்று சொல்லலாமா என்று அறிவியலார் எழுப்பும் கேள்வி நியாயமானதே. எனினும் உயிருக்குள் புகுந்து மட்டுமே பெருகுவதால் இப்பெயர் பெரிதும் பிழைபடாது. கணினிக்கு ஏற்கெனவே நச்சுநிரல் என்ற நல்ல சொல் இருக்கிறது. இரண்டும் ஒரே அடியில் பிறந்தவை. ஒன்று உடலுக்கு, மற்றது கணினிக்கு என்பது பெயரிலேயே விளங்கும். நோயாளிக்கான குறிப்பில் நச்சுயிரி புரியாது என்று அஞ்சுவோர் வைரஸ் என்றே எழுதட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆன்டிபயாடிக்குக்குப் பாக்டீரியாக்கொல்லி என்றும், டெங்குவுக்கு நச்சுயிரிக் காய்ச்சல் அல்லது வைரஸ் காய்ச்சல் என்றும் எழுதினால், இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிப்பவர் இந்த மருந்து இந்த நோய்க்கு உரியதன்று என்பதைத் தாமே கண்டுகொள்வார்.