நுளம்புக்கு மருந்து பழகுமா?

எண்பதுகளின் தொடக்கத்தில், மருந்து அடிக்க வருகிற நாள் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் திருவிழா. நெல்மூட்டை, பாய், கறிச்சட்டி, சாமிப்படம் எல்லாம் முற்றத்து வேம்புக்குக் கீழே வந்துவிடும். மலேரியா இயக்கத்துக்காரர் தோளில் தொங்கும் தொட்டியோடு உள்ளே போய், மண்சுவரில் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இடைவெளி விடாமல் அடித்துக்கொண்டு வருவார். மலத்தியன் நாற்றம் கிழமைக்கணக்கில் சோற்றுக்குள்ளும் இருக்கும். போகும்போது, "அம்மா, மூண்டு மாசத்துக்குச் சுவரை மெழுகிப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மம்மா நன்றாகத் தலையாட்டுவா. வற்றாப்பளைப் பொங்கல் நெருங்கினால் மண்ணையும் சாணத்தையும் குழைத்து முழுச்சுவரையும் மெழுகிவிடுவா. கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும்: "உந்த மருந்து நுளம்புக்குப் பழகிட்டுது மோனை. அடிச்சென்ன, விட்டென்ன."

அம்மம்மா சொன்னதில் பாதி உண்மை. மருந்து எடுபடாமல் போனது உண்மைதான். பிழை 'பழகிட்டுது' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'கூர்ப்பு' என்றும் தமிழ்நாட்டார் 'பரிணாமம்' என்றும் படிக்கும் பாடத்தில் அநேகம் பேர் இடறுவது இதே இடத்தில்தான். நானும் உயர்தரத்தில் உயிரியல் எழுதித் தேறிய பிறகும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதையை டி.டி.ரி. என்ற பழைய பூச்சிகொல்லியிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையில் 1946இல் வீடுகளுக்கு அது அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். அலுவல் முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1967க்கும் 1969க்கும் இடையில் நோய் திரும்பி வந்து பல இலட்சம் பேரைப் படுக்கையில் போட்டது. திரும்பி வந்ததற்கு முதற்காரணம் தெளிப்பை விட்டதுதான். அதை நுளம்பின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் மறுபடி டி.டி.ரி.யைக் கையில் எடுத்தபோது நிலைமை மாறியிருந்தது. 1969இல், அந்த மருந்தைத் தாங்கும் நுளம்புகள் இருப்பது தெரியவந்தது. எழுபதுகளில் மலத்தியனுக்கு மாறினார்கள். அதுதான் எங்கள் வீட்டுச் சோற்றில் மணத்தது.

சுவருக்கு ஏன் அடிக்கிறார்கள்? இரத்தம் குடித்த பெண் நுளம்பு தன் எடையளவுக்குப் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். தூரம் பறக்க ஏலாது. பக்கத்துச் சுவரில் போய்க் குந்தி, இரத்தத்திலுள்ள நீரைச் சொட்டுச் சொட்டாகக் கழிக்கும். அந்த நேரத்தில் மருந்து அதன் கால் வழியாக உடம்புக்குள் ஏறும். நரம்பில் சோடியம் உள்ளே வருவதற்கு நுண்ணிய கதவுகள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து உடனே மூட வேண்டும். டி.டி.ரி. அந்தக் கதவை மூட விடாது. நரம்பு விடாமல் துடிக்கும், நுளம்பு நடுநடுங்கி விழும்.

இப்போது, ஒரு நுளம்பின் பரம்பரையலகில் ஓர் எழுத்து மாறி, அந்தக் கதவின் வடிவம் கொஞ்சம் வேறாக இருக்கிறது என்று வையுங்கள். டி.டி.ரி. அதில் சரியாகப் பொருந்தாது. இன்னொரு நுளம்பு, டி.டி.ரி.யை உடைக்கும் நொதியம் ஒன்றை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. இரண்டும் தப்பும். மலத்தியன் பிடிப்பது வேறு இடத்தில், அதை உடைப்பதும் வேறு நொதியம். அதனால்தான் மருந்தை மாற்றினால் கொஞ்சக் காலத்துக்கு வேலை செய்கிறது.

அந்த மாற்றம் எப்போது வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. மருந்து பட்ட பிறகு, 'இனிச் சமாளிக்க வேண்டும்' என்று உடம்பு தன்னை மாற்றிக்கொண்டதா? அம்மம்மாவின் 'பழக்கம்' அதைத்தான் சொல்கிறது. அவுஸ்திரேலியாவில் செம்மறியாட்டுத் தோலில் முட்டையிடும் ஓர் ஈயை வைத்து இதற்கு அழகான விடை கண்டார்கள். மலத்தியன் வகை மருந்துகள் அங்கே புழக்கத்துக்கு வரமுன்னரே பிடித்து, ஊசி குத்தி, அருங்காட்சியகப் பெட்டியில் வைத்திருந்த பழைய ஈக்களின் டி.என்.ஏ.யைப் படித்தார்கள். மலத்தியனைத் தாங்கும் அதே எழுத்துமாற்றம் அந்தப் பழைய ஈக்கள் சிலவற்றில் ஏற்கெனவே இருந்தது! மலத்தியனைக் கண்ணால் காணாத ஈக்கள் அவை. மாற்றம் சும்மா, தற்செயலாக, பரம்பரையலகைப் படியெடுக்கும்போது விழுந்த எழுத்துப்பிழை. பாடப்புத்தகம் அதை விகாரம் என்று சொல்லும். அது மருந்தைக் கேட்டு வந்ததில்லை.

மிச்ச வேலையைச் சாவு செய்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை, கணக்கு மெய். ஒரு குளத்துச் சுற்றாடலில் 10,000 நுளம்பு. அதில் 10தான் மருந்தைத் தாங்கும். மருந்து சாதாரண நுளம்பில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கொல்கிறது. தாங்கும் வகையில் நூற்றுக்குப் பத்தைத்தான் கொல்கிறது. முதல் தலைமுறை முடிவில் 999 சாதாரணமும் 9 தாங்கும் வகையும் மிஞ்சும். எண்ணிக்கை இரண்டிலும் குறைந்துவிட்டது, ஆனால் விகிதம் ஒன்பது மடங்காகிவிட்டது. மிஞ்சியவை முட்டையிட்டுக் குளத்தை மறுபடி நிரப்பும். ஒரு தாய் ஒரு தடவைக்கு நூறு முட்டை இடுவது சாதாரணம். அடுத்த தலைமுறையில் விகிதம் மறுபடி ஒன்பதால் பெருகும், பிறகும் ஒன்பதால். நான்காவது தலைமுறையில் நூற்றுக்கு 87 நுளம்பு தாங்கும் வகை. வன்னி வெயிலில் ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று கிழமை போதும். இந்தக் கதையில் ஒரு நுளம்புகூடப் பழகவில்லை. ஒவ்வொன்றும் பிறந்தபடியே இருந்தது, அல்லது செத்தது. மாறியது கூட்டம்.

உண்மையில் இது இவ்வளவு விரைவாக நடப்பதில்லை. எல்லாச் சுவருக்கும் மருந்து விழாது, காட்டுக்குள் வாழும் நுளம்பு வீட்டுக்கு வராது, பரம்பரையலகுகளும் தாயிடமிருந்து ஒன்று தகப்பனிடமிருந்து ஒன்று என்று சோடியாகத்தான் இருக்கும். இந்தச் சோடி விஷயத்தில்தான் அம்மம்மாவின் மெழுகல் உள்ளே வருகிறது. சோடியில் ஒன்று மட்டும் மாறிய நுளம்பு பெரும்பாலும் அரைகுறையாகத்தான் தாங்கும். முழு அளவு மருந்து பட்டால் அதுவும் சாகும். சாணமும் மண்ணும் மூடி மருந்து மெலிந்துபோன சுவரில் அது பிழைத்துவிடும், தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். முழுசாகவும் கொல்லாமல், சும்மாவும் விடாமல் இருக்கிற சுவர் தாங்கும் பரம்பரையலகுக்கு நல்ல நாற்றுமேடை. மருந்து எடுபடாது என்று சொல்லிச் சொல்லியே, எடுபடாமல் ஆக்குகிற வேலையில் எங்கள் வீடும் ஒரு கை கொடுத்திருக்கிறது.

சரி, சாவதும் பிழைப்பதுமே கூட்டத்தை மாற்றிவிடும் என்ற இந்த எண்ணம் முதலில் யாருக்கு வந்தது? டார்வின் என்று எல்லோரும் சொல்வோம். இரண்டாவது ஆள் ஒருவரும் உண்டு, வாலஸ் என்ற பிரித்தானிய இயற்கையியலாளர். 1858இல் இந்தோனேசியத் தீவு ஒன்றில் குளிரும் காய்ச்சலுமாக விட்டுவிட்டுத் தூக்கிப்போட, போர்த்திக்கொண்டு கிடந்தபோதுதான், 'ஏன் சிலது சாகிறது, சிலது பிழைக்கிறது' என்ற கேள்வி தனக்கு எழுந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அது மலேரியா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அதே ஆண்டு இருவர் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. இயற்கைத் தேர்வு என்ற கருத்து பிறந்த இடத்திலும் ஒரு நுளம்பு இருந்திருக்கலாம்.

இதுவரை ஒரே இன நுளம்புக்குள் நடந்த மாற்றம். புது இனம் எப்படி உருவாகிறது? அதற்கும் இதே நுளம்பிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். கோடையில் ஆறு வற்றி, மணலில் அங்கங்கே தெளிந்த தண்ணீர்க்குழிகள் மிஞ்சுமே, கனகராயன் ஆற்றிலும் பாலியாற்றிலும் பார்த்திருப்பீர்கள், அதுதான் அதற்குப் பிடித்த இடம். நெடுநாளாக இதை ஒரே இனம் என்று எண்ணியிருந்தார்கள். பிறகு பார்த்தால், இந்தப் பெயருக்குள் ஏ, பி, சி, டி, ஈ என்று ஆங்கில எழுத்துப் பெயரில் ஐந்து வகை. இறக்கை, கால், நிறம் எதிலும் வித்தியாசம் பிடிக்க ஏலாது. ஆனால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதனால் உயிரியல் கணக்கில் அவை தனித்தனி இனங்கள்.

இதில் ஒரு புதிர் இருந்தது. இலங்கையில் இருப்பது பி என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஆனால் இந்தியாவில் பி பெரும்பாலும் மாட்டைக் கடிக்கிற, மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாத வகை. அப்படியானால் எங்கள் ஊர்களை வாட்டியது எது? இராமேஸ்வரத்திலும் இதே புதிர். அங்கே தேடியபோது, பி என்று எண்ணியிருந்ததற்குள் ஈ ஒளிந்திருந்தது தெரிந்தது. தொடர்ந்து 2000ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் அது இருப்பது உறுதியானது. மனிதரைக் கடித்து, வீட்டுக்குள் தங்கி, நோயைக் காவியது ஈ.

பியையும் ஈயையும் பிரித்தறியும் முறை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வேறுபாடு தெரிவது, பரம்பரையலகுகளைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான வை நிறமூர்த்தத்தில். அது ஆணிடம்தான் உண்டு. மாட்டுப்பட்டியிலோ வீட்டிலோ பிடிபடுவதோ பெண். என்ன செய்வது? பிடித்த பெண்ணைத் தனியாக ஒரு குப்பிக்குள் முட்டையிட விட்டு, குடம்பிகளை வளர்த்து, வரும் ஆண் நுளம்பின் விதையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். வையின் இடுப்பு, அதாவது ஒடுங்கிய இடம், ஒரு நுனியில் இருந்தால் தாய் பி. நடுவுக்குக் கிட்ட இருந்தால் தாய் ஈ. தாய் எந்த இனம் என்று மகனைப் பார்த்துச் சொல்கிறார்கள்!

இனம் பிரிய முதல் தேவை, பரம்பரையலகுகள் இங்கும் அங்கும் கலக்காமல் இருப்பது. அதற்கு ஒரு சுலபமான வழி, நடுவில் கடல் வருவது. விடியற்காலையில் ஒட்டுசுட்டான் பக்கம் போனால் கேட்கிற காட்டுக்கோழி, ஊர்ச்சேவல் மாதிரி இழுத்துக் கூவாது, சுருக்கமாக வெட்டிக் கூவும். சேவலுக்குச் செங்கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. இந்த இனம் இலங்கையில் மட்டும்தான் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் இருப்பது இதன் நெருங்கிய உறவு, சாம்பல் காட்டுக்கோழி. நிறமும் கூவலும் வேறு. ஒரு மூதாதை இரு பக்கமாகப் பிரிந்து, இங்கே ஒரு பிழை அங்கே வேறொரு பிழை என்று சேர்ந்து, பேடு எந்தச் சேவலை விரும்புகிறது என்பதும் மாறி, இரண்டாகிவிட்டது. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது மன்னாரிலிருந்து நடந்தே போயிருக்கலாம். அதற்குள் கோழிகள் பிரிந்து முடிந்துவிட்டன. யானையும் சிறுத்தையும் இன்னும் இரு கரையிலும் ஒரே இனம்தான். பிரிவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை.

நுளம்புக்குக் கடல்கூட அவசியமில்லைப் போலிருக்கிறது. பியும் ஈயும் இதே மண்ணில்தான் வாழ்கின்றன. ஒன்றுக்கு மாடு, மற்றதற்கு மனிதர். ஈயின் குடம்பி கொஞ்சம் உவர்த்தண்ணீரையும் தாங்கும். தங்கும் இடமும் தீனியும் வேறானால் சந்திப்பதும் குறையும். தப்பித்தவறிக் கலந்தாலும் பிள்ளை உருப்படாத நிலை ஒன்று வரும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை மலடாக இருப்பதுபோல. ஆபிரிக்காவில் இதேபோல ஒன்றையொன்று உரித்துவைத்த இரண்டு அனோபிலிஸ் இனங்களைக் கலந்தால், மகள் முட்டையிடுவாள், மகன் மலடு. அந்த நிலை வந்தபின் திரும்பிச் சேர வழியில்லை.

2016 செப்டம்பரில் இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னார்த் தீவில் வேறொரு நுளம்பு பிடிபட்டது: அனோபிலிஸ் ஸ்டீபன்சி, இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது. ஆற்றுமணல் தேடாது, கிணறும் தண்ணீர்த்தொட்டியும் போதும். வந்தபோதே பல மருந்துகளைத் தாங்கும் தன்மையோடுதான் வந்தது. எங்கேயோ, யாருடையதோ சுவர்களில் நடந்த தேர்வின் மிச்சம் அது.

மருந்து எடுபடாத இடத்தில் கிணற்றுக்குள் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடலாம். போன கோடையில் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் குடம்பிகள் அனோபிலிஸுக்கே உரிய விதத்தில் மட்டமாகப் படுத்திருந்தன. என் நிழல் விழுந்த கணத்தில் எல்லாம் நெளிந்து கீழே போய்விட்டன. நிழலுக்கு அசையாமல் கிடந்தவை, நான் பிறக்க எவ்வளவோ காலம் முன்னரே மீன் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.