ரேபிட் சைக்ளிங் பைபோலார்: தெளிவான நாட்களில் எழுதி வைக்க வேண்டிய தாள்

அளவுமீறிய உற்சாகத்துக்கும் (மேனியா) ஆழ்ந்த மனச்சோர்வுக்கும் மனம் மாறி மாறிப் போவதுதான் பைபோலார் நோய். அது உள்ளவருக்குப் பன்னிரண்டு மாதங்களில் நான்கு முறையோ அதற்கு மேலோ மனநிலை ஏறியும் இறங்கியும் போனால் அதை ரேபிட் சைக்ளிங் என்கிறார்கள். நான்கு என்பது கேட்க சின்ன எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஆறு வாரம் நீடித்தால் கிட்டத்தட்ட பாதி வருஷம் காலி. மிச்சமிருக்கும் தெளிவான வாரங்களில்தான் வேலை, கடன், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும். அதே வாரங்களில் இன்னொரு காரியத்தையும் செய்து வைக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி கொடுத்திருக்கிறது. 2018 மே 29 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தாலும், இந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

அதன் பெயர் அட்வான்ஸ் டைரக்டிவ், அதாவது முன்னறிவுறுத்தல். 18 வயது நிறைந்த எவரும் எழுதலாம் என்கிறது சட்டத்தின் 5ஆம் பிரிவு. பின்னால் என்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எதைத் தரக் கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கலாம். ஏற்கெனவே மனநோய் இருந்தது, சிகிச்சை எடுத்தது எதுவும் தடையில்லை. எழுத்தில், இரண்டு சாட்சிகளோடு எழுதி, இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரை அந்தத் தாளுக்கு வேலையில்லை. உங்கள் வாய்ச்சொல்தான் செல்லும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ரத்தும் செய்யலாம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "எனக்கு நல்ல சிகிச்சை தர வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ரேபிட் சைக்ளிங் உள்ளவர் எழுத வேண்டியது தன் உடம்பின் வரலாற்றை. உதாரணமாக: "மனச்சோர்வு வந்தபோது அதற்கான ஆன்டிடிப்ரசன்ட் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்ததில் மேனியாவுக்குப் போயிருக்கிறேன், அப்படித் தர வேண்டாம்." சிலருக்கு அந்த மாத்திரைகள் சுற்றின் வேகத்தையே கூட்டிவிடும் என்பதால் இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். "மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தை நான் எடுக்கிறேன். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்காமல் டோஸை மாற்ற வேண்டாம். காய்ச்சல், வலி என்றால் ஐபுப்ரோஃபென் தர வேண்டாம்" என்பது இன்னொரு வரி. அந்த வலி மாத்திரையும், வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ உடம்பில் நீர் வற்றுவதும் லித்தியத்தின் அளவை ஆபத்தாக ஏற்றக்கூடியவை. தைராய்டு குறைபாட்டுக்கும் ரேபிட் சைக்ளிங்குக்கும் தொடர்பு சொல்லப்படுவதால் கடைசியாக எடுத்த தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளையும் கூடவே இணைத்துவிடுங்கள். மின்னதிர்வு சிகிச்சை (மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்துவது) சம்மதமா இல்லையா என்பதையும் நீங்களே சொல்லலாம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைத் தருவதற்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. பழைய விவரம் மறந்துபோயிருந்தால் மருத்துவமனையில் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். 25ஆம் பிரிவின்படி அது உங்கள் உரிமை.

உங்கள் சார்பில் பேசுபவரைச் சட்டம் நியமனப் பிரதிநிதி என்கிறது. அவர் கணவனோ மனைவியோ அம்மாவோதான் ஆக வேண்டும் என்றில்லை. 18 வயது நிறைந்த, சம்மதிக்கிற நண்பராகவும் இருக்கலாம். தூக்கம் நான்கு மணி நேரமாகக் குறைந்ததுமே "என்னப்பா, ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்கக்கூடியவர் யாரோ, அவரைப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

சரி, இதற்கு எல்லை இல்லையா? உண்டு. அவசர சிகிச்சையில், அதிகபட்சம் 72 மணி நேரம்வரை, இந்தத் தாள் கட்டுப்படுத்தாது. அதில் எழுதியிருப்பது பொருந்தாது என்று மருத்துவரோ உறவினரோ நினைத்தால் வாரியத்தில் மனு போடலாம். வாரியம் அதை மாற்றவும் முடியும். பணமும் இதில் அடங்காது. மேனியாவில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதை நிறுத்த இந்தச் சட்டத்தில் வழியில்லை. அதை வீட்டோடு தனியாகப் பேசி வைக்க வேண்டும்.

சம்மதிக்கும் நிலையில் இல்லாத ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் உச்சவரம்பு 30 நாள். வீடு திரும்பிய ஏழு நாளுக்குள் மறுபடி இப்படிச் சேர்க்க நேர்ந்தால் 90ஆம் பிரிவின் கடுமையான நடைமுறை வரும். சீக்கிரம் சீக்கிரம் திரும்பும் நோய்க்காரர்களுக்கு இது அடிக்கடி இடிக்கும் இடம். அவசரமாக டிஸ்சார்ஜ் கேட்கும் குடும்பங்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்துச் செலவுக்கும் ஒரு வழி இருக்கிறது. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றை சமூக சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது 18ஆம் பிரிவு. வறுமைக் கோட்டுக்குக் கீழே என்ற நிபந்தனை இந்த மருந்துகளுக்குக் கிடையாது. 2022ஆம் ஆண்டின் தேசியப் பட்டியலில் லித்தியமும், அதே போல மனநிலையைச் சீராக்கத் தரும் சோடியம் வால்ப்ரோயேட்டும் இருக்கின்றன. வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது; பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் மருத்துவரிடம் பேசாமல் அதை எடுக்கவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மருத்துவக் காப்பீட்டிலும் மனநோயை உடல்நோய் போலவே நடத்த வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பல பாலிசிகள் படுக்கைச் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. மாதாமாதம் வரும் டாக்டர் ஃபீஸும் ரத்தப் பரிசோதனையும் கைக்காசுதான்.

தாளை எழுத உதவி வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். மனநோய் உள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவியை 27ஆம் பிரிவு உறுதி செய்கிறது. தொலைபேசி எண் 15100. ராத்திரி தூக்கமில்லாமல் மனசு ஓடும்போது யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எழுதி முடித்ததும் ஒரு நகல் பிரதிநிதியிடம், ஒன்று உங்கள் மருத்துவரிடம், ஒன்று வழக்கமாகச் சேர்க்கும் மருத்துவமனையின் ஃபைலில் இருக்கட்டும். மருந்து மாறினால் மூன்றையும் மாற்ற வேண்டும்.