உள்நாட்டில் எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு: ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடுவது எப்படி?

கடைசி நீதிமன்றம் வரை போயாகிவிட்டது. உரிமையைப் பறித்ததே அரசுதான். இனி யாரிடம் போவது? போக ஓர் இடம் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமலே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை 1966-இல் ஐ.நா. ஏற்றபோது, கூடவே ஒரு விருப்ப நெறிமுறையையும், அதாவது விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் துணை ஒப்பந்தத்தையும், ஏற்றது. 1976 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாட்டின் மீது, அந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் 18 பேர் கொண்ட மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் முறையிட முடியாது. அரசுக்குத் தெரியாமல் பெயரை மறைத்து வைப்பதும் கடினம், ஏனென்றால் பதில் சொல்லப்போவது அரசு.

முக்கியமான நிபந்தனை, உள்நாட்டில் உள்ள சட்ட வழிகளையெல்லாம் முயன்று முடித்திருக்க வேண்டும். அந்த வழியால் பயனே இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தால் விலக்கு உண்டு. சாண்ட்ரா லவ்லேஸுக்கு அப்படித்தான் விலக்கு கிடைத்தது.

அவர் கனடாவின் டோபிக் பகுதியைச் சேர்ந்த பூர்வகுடிப் பெண். வேற்று இன ஆணை மணந்த பூர்வகுடிப் பெண், பூர்வகுடி என்ற தன் சட்ட அந்தஸ்தை இழப்பாள், அதையே செய்யும் ஆணுக்கு எந்த இழப்பும் இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். மணவாழ்க்கை முறிந்து ஊர் திரும்பியவருக்குச் சொந்த மண்ணில் வாழும் உரிமை இல்லை. அந்தப் பிரிவு செல்லும் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 1977-இல் அவர் நேராகக் குழுவிடம் போனார். முறையீட்டை அனுப்பிவிட்டு யாரும் சும்மா இருக்கவில்லை. 1979 ஜூலையில் டோபிக் பெண்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஓக்காவிலிருந்து தலைநகர் ஒட்டாவா வரை நடந்தே போனார்கள். 1981-இல் குழு கனடாவுக்கு எதிராக முடிவு சொன்னது. 1985-இல் சட்டம் திருத்தப்பட்டது.

திருத்தம் அரைகுறைதான். அந்தப் பெண்களின் வழிவந்தோருக்குப் பாகுபாடு தொடர்ந்தது. அடுத்த தலைமுறைப் பெண்கள் மறுபடி போராடினார்கள், மறுபடி முறையிட்டார்கள். 2018-இல் குழு அவர்கள் பக்கம் நின்றது. எஞ்சிய பாகுபாட்டை நீக்குவதற்கான பிரிவுகள் 2019 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தன.

இவ்வளவு ஆண்டுகள் ஏன்? குழுவின் முடிவை நிறைவேற்றி வைக்கப் போலீசும் இல்லை, தண்டனையும் இல்லை. முறையீட்டுக்குப் பதில் சொல்ல அரசுக்கு 6 மாதம். முடிவு வந்தபின், என்ன செய்தோம் என்று தெரிவிக்க 180 நாள். மரண தண்டனை, நாடுகடத்தல் போல அவசரமானவற்றில் முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கும்படி குழு கேட்கலாம். அவ்வளவுதான் அதன் கையில். அந்த 180 நாளும் அரசைச் சும்மா விடாமல் இருக்க வேண்டியது மக்கள்தான். முடிவை மக்கள் மொழியில் பெயர்த்து, சட்டமன்ற உறுப்பினர்களிடமும் பத்திரிகைகளிடமும் கொடுங்கள். கெடு முடியும் நாளில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

சரி, நம் நாடு நெறிமுறையில் சேரவில்லை என்றால்? அப்போதும் ஒரு வழி உண்டு. 2008 முதல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 193 நாடுகளிலும் மனித உரிமைகள் எப்படி இருக்கின்றன என்று முறைவைத்து மீளாய்வு செய்கிறது. இப்போது ஒரு நாட்டின் முறை ஏறக்குறைய நாலரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஓர் அமைப்பு தனியாக 2,815 சொற்களுக்குள்ளும், பல அமைப்புகள் சேர்ந்து 5,630 சொற்களுக்குள்ளும் அறிக்கை தரலாம். என்னைக் கேட்டால் சேர்ந்து தருவதே மேல். பிற நாடுகள் தரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும், ஏற்கிறோம் என்றோ குறித்துக்கொண்டோம் என்றோ அரசு பதிவு செய்தாக வேண்டும். நெறிமுறையில் சேருங்கள் என்பதையே ஒரு பரிந்துரையாக வைக்கும்படி மற்ற நாடுகளின் தூதரகங்களிடம் முன்கூட்டியே பேசலாம். அறிக்கைக்கான கெடு, மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அதனால் முதலில் அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.