இரவல் தோல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் பக்கத்தில், உம்ஷ்லாங்கா கடற்கரையில் மணல் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் அண்ணன் உட்கார்ந்துவிடுவார். அதுவரை வெறுங்கால் நடைதான். பையிலிருந்து ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த அந்தக் காலணியை எடுப்பார். பெருவிரல் முதலில் போகும், நடு மூன்றும் அதன் பின்னாலேயே போய்விடும். சுண்டுவிரல் மட்டும் அடம்பிடிக்கும். அதைக் கையால் பிடித்து, பக்கத்து விரலிலிருந்து விலக்கி, உள்ளே தள்ள வேண்டும். பாறையில் அப்பியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு பிளேடு போல இருக்கும். அதைத் தாண்டி மறுபடி மணல் வந்ததும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்.

"இது ஷூ இல்ல தம்பி, இரவல் தோல்" என்பார்.

அண்ணன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவர். வீட்டுக்குள் தமிழ் பேசி வளர்ந்த, இங்கே அருகிவரும் தலைமுறை. இந்த நாட்டில் வெறுங்கால் என்பது ஏழ்மைக்கு மட்டும் அடையாளம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள்கூட பள்ளிக்கூடத்துக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் அப்படியே வருவார்கள். இங்கே புளூம்ஃபான்டைனில் பிறந்த ஓட்டக்காரர் சோலா பட், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் இறுதிப் போட்டியை வெறுங்காலில்தான் ஓடினார். அதனால் அண்ணனின் வெறுங்காலை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விரல் ஷூவைத்தான் பார்க்கிறார்கள்.

1999இல் ராபர்ட் ஃபிளிரி என்ற இத்தாலிய வடிவமைப்பு மாணவருக்குத் தோன்றிய யோசனை இது. அதைத் தயாரித்த விப்ரம் நிறுவனத்துக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. 1935இல் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த விட்டாலே பிராமானி, வழுக்காத ரப்பர் அடிப்பாகம் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. விரல் ஷூவிலும் அடியில் இருப்பது ரப்பர்தான். கனம் மூன்று நான்கு மில்லிமீட்டர். மெத்தை கிடையாது, உயர்த்திய குதிகால் கிடையாது.

விரல்களைத் தனியாக விடுவதில் அப்படி என்ன இருக்கிறது? செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று பாருங்கள். வேறு யாரையாவது உங்கள் பெருவிரலை மட்டும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உள்ளங்காலின் உட்பக்க வளைவு தானாக எழும்பும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பெருவிரல் மேலே மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல அந்தப் பட்டை விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் முன்பாதமும் நெருங்கி, வளைவு இறுகுகிறது. 1954இல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார். நடக்கும் ஒவ்வொரு அடியிலும், குதிகால் எழும்பும் நொடியில் இது நடக்கிறது. தொளதொளவென்றிருந்த பாதம் அப்போது நெம்புகோலாகிவிடுகிறது. 26 எலும்புகள் உள்ள ஓர் உறுப்பு, தேவைப்படும்போது ஒரே துண்டாக மாறுகிறது! முனை குறுகிய கெட்டி ஷூவுக்குள் பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்தும் மடங்க முடியாமலும் இருந்தால் இந்த இறுக்கம் முழுசாகக் கிடைக்காது. விரல் ஷூ அதற்கு இடம் விடுகிறது.

ஆனால் பாதத்தின் பாதி வேலைதான் இது. மீதி பாதி, தரையைப் படிப்பது. அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடுவது, சூடு, ஈரம் என்று எல்லாவற்றையும் உள்ளங்கால் நரம்புகள் மேலே சொல்லிக்கொண்டே இருக்கின்றன. வெறுங்காலில் நடந்து நடந்து தோல் காய்த்துப்போனால் இந்த உணர்வு மங்கிவிடாதா என்று நானும் நினைத்திருக்கிறேன். 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, கென்யாவிலும் அமெரிக்காவிலும் நூற்றுச் சொச்சம் பேரின் பாதங்களை அளந்து பார்த்தது. காய்ப்பு தடித்திருந்தவர்களுக்கும் உணர்வு குறையவில்லை. காரணத்தை வீட்டிலேயே புரிந்துகொள்ளலாம். மேஜையின் ஒரு முனையில் விரலால் தட்டினால், மறுமுனையில் கை வைத்திருப்பவருக்குத் தெரியும். தலையணையைத் தட்டினால் தெரியாது. காய்ப்பு மேஜை, கடினமானது, செய்தியை அப்படியே கடத்தும். டக்கீஸுக்குள் இருக்கும் நுரை மெத்தைதான் தலையணை. (ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு இங்கே டக்கீஸ் என்றுதான் பெயர்.)

விரல் ஷூவின் ரப்பர் இரண்டுக்கும் நடுவே. கூழாங்கல்லின் வடிவத்தைச் சொல்லும். மணலின் நறநறப்பைச் சொல்லாது, ஈரத்தைச் சொல்லாது. தோல் எரிவதையும் சொல்லாது. என் கவலை இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

வெறுங்காலில் ஓடிப் பழகாதவர் ஒரு நாள் ஆசைப்பட்டு ரோட்டில் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்குள் தோல் கன்றிப்போகும், நிறுத்திவிடுவார். அந்த எரிச்சல்தான் பிரேக். விரல் ஷூ அந்தப் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. தோலுக்கு வலிக்காததால் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். மெத்தை இல்லாததால் குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் இறங்குகிறார். அப்படி இறங்கினால் குதிகாலில் விழும் திடீர் இடி குறையும், சரி. அந்தப் பாரம் காணாமல் போவதில்லை. கெண்டைச்சதைக்கும் குதிநாணுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் போகிறது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓடிப் பழகிய 36 பேரில் 19 பேரைப் பத்து வாரத்தில் விரல் ஷூவுக்கு மாற்றினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அவர்களில் 10 பேரின் பாத எலும்புகளுக்குள் வீக்கம் கூடியிருந்தது. சதை வாரங்களில் பழகும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். கால் தசையை வலுவாக்கும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் போதாது என்று 2012இல் விப்ரம் மீது அமெரிக்காவில் வழக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2014இல் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

ஆக, ஷூவே பழகிய காலுக்கு இது குறுக்குவழி இல்லை. ஏற்கெனவே வெறுங்காலில் பழகிய அண்ணன் போன்றவர்களுக்குத்தான் இது பொருந்துகிறது. அவர் நடை மாற வேண்டியதில்லை. எலும்பும் சதையும் தயார். இடையில் ஒரு தோல் மட்டும்தான் கூடுதல். அந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே பாதத்தில் பதிந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்க, ஜெர்மானியப் பிள்ளைகள் 810 பேரை ஒப்பிட்ட ஆய்வில், வெறுங்காலில் வளர்ந்த இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாத வளைவு உயரமாக இருந்தது. இந்தியாவில் 2300 குழந்தைகளைப் பார்த்து 1992இல் வெளியான ஆய்வும் அந்தப் பக்கமே சாய்கிறது: காலணி போட்டவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டர்பனில் நம் ஆட்களிடையே சர்க்கரை நோய் அதிகம். பாத நரம்பு மரத்துப்போனவருக்கு வெறுங்காலும் வேண்டாம், விரல் ஷூவும் வேண்டாம். முள் குத்தியது தெரியாமலே புண் ஆழமாகப் போய்விடும். டாக்டரிடம் மெல்லிய நைலான் இழை ஒன்று இருக்கும். 10 கிராம் விசையில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லி, அதை உள்ளங்காலில் தொடுவார். தொட்டது தெரியவில்லையென்றால் மெத்தை வைத்த, மூடிய காலணிதான். கோயில் பிராகாரத்துக்குள் போவதைப் பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு, இது எப்போது தேவைப்படும்? உடைந்த பாட்டில் கிடக்கும் பஸ் நிலையம். காய்ந்த புல்வெளியில் நெருஞ்சி. நம் ஊர் நெருஞ்சியேதான், இங்கே டுவெல்ச்சி என்கிறார்கள். அப்புறம் ஜனவரி, பிப்ரவரி மத்தியான வெயிலில் தார் ரோடு. தைப்பூசக் காவடி போகும் தெருவில் வீட்டுக்காரர்கள் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பது அதனால்தான். தண்ணீர் ஆவியாகும்போது தாரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காவடி எடுக்கும்போது அண்ணன் எதையும் அணிவதில்லை. எல்லாம் முடிந்து, காரை நிறுத்திய இடத்துக்குத் திரும்பி நடக்கும்போதுதான் பையைத் திறப்பார். அந்தத் தெருவில் யாரும் தண்ணீர் அடித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஒவ்வொரு விரலுறையையும் விரித்து நிழலில் தொங்கவிடுவார். டர்பன் புழுக்கத்தில் ஈரத்தோடு மறுநாள் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். கடைசியாகக் காய்வது சுண்டுவிரல் உறைதான்.