ஃப்ளோ ரேட்: வேகமா, ஓட்டமா, பாய்வா?

குழாயின் ஓர் இடத்தை, ஒரு நிமிடத்தில் எவ்வளவு திரவம் தாண்டிப் போகிறது என்ற கணக்குதான் ஃப்ளோ ரேட். பெங்களூரு பீன்யாவின் பட்டறைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் அதை 'ஃப்ளோ' என்று சுருக்கிவிடுவார்கள். "ஃப்ளோ எவ்வளவு வருது?" என்றால் போதும், யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தமிழில் எழுத உட்காரும்போதுதான் வேகம், ஓட்டம், வரத்து என்று ஆளுக்கொரு சொல் வருகிறது.

வேகம் தப்பு. ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். வேகம் கூடிவிட்டது, ஆனால் வாளி நிரம்ப முன்னைவிட அதிக நேரம் ஆகும். செடிக்குத் தண்ணீர் விடும்போது இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. விமான எஞ்சினைக் குளிர்விக்கும் எலெக்ட்ரிக் வாட்டர் பம்பைச் சோதிக்கும்போது அப்படி விட முடியாது.

சிறிய விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றுகிறது. கார் எஞ்சினை விமானத்துக்கு மாற்றிக் கட்டுகிறவர்களில் சிலர்தான் பேட்டரியில் ஓடும் பம்பை வைக்கிறார்கள். எஞ்சின் நின்ற பிறகும் அது ஓடும், அது லாபம். மின்சாரம் போனால் குளிர்ச்சியும் போகும், அது நஷ்டம். 80 குதிரைத்திறன் எஞ்சின் சுமார் 60 கிலோவாட். கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் குளிர்நீரில் இறங்கும் என்பது பழைய கைக்கணக்கு. நிமிடத்துக்கு 60 லிட்டர் பாய்ந்தால் எஞ்சினைக் கடப்பதற்குள் தண்ணீர் 14 டிகிரி சூடேறும். 30 லிட்டர்தான் என்றால் 28 டிகிரிக்கு மேல். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரே போகப் போக அதுவும் குறையும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும், அவ்வளவுதான்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு டிரம், வாளி, தராசு, ஸ்டாப்வாட்ச் போதும். விமானத்தில் போடப்போகும் அதே ஹோஸ், அதே ரேடியேட்டர், எஞ்சின் பிளாக் எல்லாவற்றையும் மாட்டி, திரும்பி வரும் ஹோஸை முதலில் டிரம்மிலேயே விட வேண்டும். காற்றுக் குமிழி அடங்கி ஓட்டம் சீரானதும் அதை வாளிக்குத் திருப்பி, அதே நொடியில் வாட்சை அழுத்த வேண்டும். 20 கிலோ தண்ணீர் என்றால் 20 லிட்டர்; அது 20 வினாடியில் வந்தால் நிமிடத்துக்கு 60. தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானால் திறக்கும் வால்வு) மூடியிருந்தால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பம்புக்கு எதையும் மாட்டாமல் வெறுமனே ஓடவிட்டு அளப்பதும் அப்படித்தான்: பெட்டியில் நிமிடத்துக்கு 115 லிட்டர் என்று போட்டிருப்பது தடை எதுவும் இல்லாத நிலையின் எண், ரேடியேட்டரும் பிளாக்கும் குறுக்கே வந்ததும் அது இறங்கிவிடும். மின்னழுத்தத்தையும் பம்பின் முனையிலேயே அளக்க வேண்டும். ஒயர் மெலிதாக இருந்தால் பேட்டரியில் 12.5 வோல்ட் காட்டும், பம்புக்கு அதைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேரும். பம்பின் சுற்று குறையும், தண்ணீரும் குறையும்.

நான் மேலே 'ஓட்டம் சீரானதும்' என்று எழுதியிருக்கிறேன். பேச்சுவாக்கில் அது சரிதான். ஆனால் சோதனைத் தாளில் வோல்ட், ஆம்பியர், லிட்டர் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஆம்பியருக்கு மின்னோட்டம் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. தண்ணீருக்கும் ஓட்டம் என்றால், 'ஓட்டம் 8' என்பது ஆம்பியரா லிட்டரா என்று கேட்க வேண்டிவரும்.

அதனால் பாய்வு. வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது, வயலுக்குப் பாய்ச்சுகிறோம். திரவம், வாயு இரண்டுக்கும் பொதுவாகப் பள்ளிப் பாடநூல் 'பாய்மம்' என்கிறது; அதுவும் இதே வேர்தான். இங்கே கன்னட விவசாயி 'நீரு ஹாயிசு' என்பார். நம் பால் அங்கே ஹாலு ஆவது போல, நம் பாய் அங்கே ஹாய்.

ஆங்கிலத்தில் ஃப்ளோ பழைய ஜெர்மானியச் சொல். ரேட் லத்தீனிலிருந்து வந்தது, கணக்கிட்டு ஒதுக்கிய பங்கு என்ற பொருளில். அதற்கு வீதம் சரியாகப் பொருந்துகிறது: 'நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம்'. காவிரியில் வினாடிக்கு இத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பத்திரிகையில் படிப்பதும் பாய்வு வீதம்தான். 'நீர்வரத்து' என்பது அணைக்குள் வருவதற்கு மட்டும் சரி. பம்பிலிருந்து வெளியே போவதற்கு ஒட்டாது.

பம்ப் பற்றி ஒரு வார்த்தை. எக்கி என்பது நீரைப் பீய்ச்சும் கருவிக்குப் பழைய பெயர். அதையே பம்புக்கும் வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் பம்பி என்பார்கள். நம் வீடுகளிலோ பம்பே காணாமல் போய் 'மோட்டார் போடு' என்றாகிவிட்டது. எலெக்ட்ரிக் பம்பில் மோட்டாரும் தனியாக உண்டு என்பதால் சோதனைத் தாளில் அந்தப் பழக்கம் உதவாது. பம்ப் என்றே எழுதலாம்.