ஆர்சனல்: அரபுப் பட்டறையிலிருந்து கால்பந்துத் திடலுக்கு

‘தார் அஸ்ஸினாஆ’ என்ற அரபுத் தொடருக்குத் தொழில் நடக்கும் வீடு, அதாவது பட்டறை என்று பொருள். கடல் வணிகத்தோடு இத்தாலிக்குப் போன இச்சொல் வெனிஸ் நகரில் போர்க்கப்பல் கட்டும் துறைக்குப் பெயராயிற்று. ஆங்கிலத்தில் கப்பல் கழன்றுபோய், ஆயுதம் செய்யும் அல்லது சேர்த்துவைக்கும் இடம் என்ற பொருளில் ‘ஆர்சனல்’ நிலைத்தது.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், வூல்விச்சில் இருந்த அரசுப் பீரங்கி ஆலைக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1805இல் ‘ராயல் ஆர்சனல்’ என்று பெயரிட்டார். வாசல் வளைவில் சூரியக் கடிகாரம் பதித்திருந்த அதன் ஒரு பட்டறைக்கு டயல் ஸ்கொயர் என்று பெயர். அங்கு வேலை பார்த்தவர்கள், ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் டான்ஸ்கின் முன்னின்று நடத்த, 1886இல் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு ஒரு கால்பந்து வாங்கினார்கள். இன்றைய ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் தொடக்கம் அதுதான். அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் வாண்டரர்ஸ் அணியை 6-0 என்று வென்றபோது அணியின் பெயரும் டயல் ஸ்கொயர்தான். சட்டைக்கும் வழியில்லை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகம் சிவப்புச் சட்டைகளைக் கொடுத்து உதவியது. அந்தச் சிவப்பு இன்றும் மாறவில்லை.

பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது. விரைவிலேயே ராயல் ஆர்சனல். இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் சேர்ந்த 1893இல் வூல்விச் ஆர்சனல். 1913இல் வடலண்டனின் ஹைபரிக்குக் குடிபெயர்ந்தபின் வூல்விச்சும் உதிர்ந்தது. ஆலையை விட்டு அத்தனை தூரம் போன பிறகும் ஆலையின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

‘ஆர்சனல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘ஆயுதக் கிடங்கு’ என்று எழுதுவது வழக்கம். அது பாதிப் பொருள்தான். கிடங்கில் பொருள் கிடக்கும். ஆர்சனலிலோ உலையும் எரிந்தது. பட்டறையைச் சுட்டும் ‘கொல்துறை’ என்ற அழகான சங்கச் சொல் நம்மிடம் உண்டு, ஆனால் இன்று அகராதியைப் புரட்டாமல் அது விளங்காது. ‘படைக்கலச் சாலை’ என்பதே என் தேர்வு. தொழிற்சாலை, பாடசாலை என்றெல்லாம் பழகிய காதுக்கு ‘சாலை’ உறுத்தாது. இது பொதுச் சொல்லுக்கு மட்டும். கழகத்தின் பெயரை ஆர்சனல் என்றே விட்டுவிடலாம்.

கழகத்தின் ‘கன்னர்ஸ்’ என்ற பட்டப்பெயரைத் தமிழாக்குபவர்கள் துப்பாக்கியைத் தூக்க வேண்டாம். கழகச் சின்னத்தில் இருப்பது பீரங்கி. ஆகவே அவர்கள் பீரங்கி வீரர்கள்.