தீ கடைய எந்த மரம் என்று மட்டும் கேட்காதீர்கள்

சென்ற வாரம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி முகாம். தீ கடையச் சொல்லித்தர நான் போய்ச் சேர்வதற்குள் மாணவன் ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீக்கடைகோலுக்கு, அதாவது அடிப்பலகைக் குழியில் வைத்துச் சுழற்றித் தீ உண்டாக்கும் குச்சிக்கு, எருக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடன் வந்த ஆசிரியர் சாலையோரத்தில் நின்ற எருக்கஞ்செடியைப் பச்சையாகவே வெட்டிவரச் சொல்லிவிட்டார். பால் விரலில் ஒட்டி, விரல் கண்ணுக்குப் போயிருக்கிறது. இதையே எத்தனை முகாம்களில்தான் பார்ப்பது?

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எருக்கம்பால் பட்ட கண்ணில் பல நேரங்களில் வலி பெரிதாகத் தெரியாது. அதை நம்பி விட்டுவிட்டால், சில மணி நேரத்தில் கருவிழி வீங்கிப் பார்வை மங்கத் தொடங்கும். சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எருக்கு நல்லது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே பட்டுப்போய், பட்டை உரிந்து, வெளுத்துக் கிடக்கும் எருக்கந்தண்டு தீ கடைய அருமையானது. பச்சை எருக்கோ தீயும் தராது, கண்ணையும் கெடுக்கும். முகாமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த மரம், சார்?" பெயரைச் சொன்னதும் அரிவாளோடு கிளம்பிவிடுகிறார்கள். பெயர் பாதி விஷயம்கூட இல்லை. ஒரே மரத்தின் மூன்று கிளைகளில் ஒன்று ஐந்து நிமிடத்தில் கங்கு தரும், ஒன்று கைகளைக் கொப்புளிக்க வைக்கும், ஒன்று உளுத்துப் பொடியாகும். எத்தனை நாள் முன்பு பட்டது, நின்று காய்ந்ததா மண்ணில் கிடந்து ஈரம் குடித்ததா, எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டது காய்ந்த கட்டை ஆகாது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

இன்னொரு கூட்டம் வைரம் பாய்ந்த கட்டையைத் தூக்கிக்கொண்டு வரும். "புளியங்கட்டை சார், அடுப்பில் ஒரு நாள் முழுக்க நின்று எரியும்." எரியட்டும். நமக்கு வேண்டியது நின்று எரியும் விறகு அன்று. தேய்த்தால் சீக்கிரம் தூளாகி, அந்தத் தூளே சூடேறிக் கருகிக் கங்காகும் மரம்தான் வேண்டும். புளி, கருவேலம், வேம்பு, தேக்கு எல்லாம் தூள் கொடுக்க அழும். குழி பளபளவென்று கறுத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும், கோல் வழுக்கிக்கொண்டு சுற்றும். புகை மட்டும் வரும். அதைப் பார்த்து எல்லாரும் கைதட்டுவார்கள். அரை மணி நேரம் கழித்துக் கையில் இருப்பது கொப்புளம்தான்.

யாகத்தில் வன்னியும் அரசும் கடைகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அரணி, அதாவது யாகத் தீ கடையும் கட்டை, நன்றாக உலர்த்திப் பாதுகாத்தது. கயிற்றை இழுப்பவர்கள் பழகிய கைகள். கோயில் வன்னி மரத்துக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நிற்பவர்களுக்கு, பாவத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

என் சோதனை எளிது. குச்சியை ஒடியுங்கள். "டக்" என்று உடைய வேண்டும். வளைந்து நார் பிரிந்தால் தூக்கி எறியுங்கள். ஒடித்த முனையை மேலுதட்டில் வையுங்கள். ஜில்லென்றிருந்தால் ஈரம். கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் பதிய வேண்டும். பதியவே இல்லை என்றால் கெட்டி, நகம் உள்ளே போய்த் தூள் உதிர்ந்தால் உளுத்தது. கடைந்து பார்க்கும்போது விழும் தூளையும் கவனியுங்கள். வெளிர் பழுப்பாகச் சுருள் சுருளாக விழுந்தால் அழுத்தமும் வேகமும் போதவில்லை. கறுப்பாக, மாவாக, தானே குவிந்து புகைந்தால் கோலை எடுத்துவிட்டு அசையாமல் இருங்கள்.

நம் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கற்றாழைப் பூத்தண்டு. வேலியோரத்து ரயில் கற்றாழை பூத்து முடிந்ததும் செத்துப்போகும்; கம்பம் மட்டும் நின்றபடியே காயும். அதைப் பிளந்து அடிப்பலகை செய்யலாம். பச்சையாக இருக்கும்போது அதன் சாறும் தோலை அரிக்கும், எச்சரிக்கை. பட்டுப்போன கல்யாண முருங்கை, இலவ மரக் கிளைகளும் பலகைக்கு நல்லவை. கோல் கட்டைவிரல் பருமனும் ஒரு சாண் நீளமும் இருந்தால் போதும். மேலே அழுத்திப் பிடிக்கும் கட்டைக்கு மட்டும் உங்கள் புளியங்கட்டையைக் கொண்டு வாருங்கள், அங்கே வழுக்கினால்தான் நல்லது. கோலைச் சுழற்றும் வில்லுக்கு நைலான் கயிறு கட்டாதீர்கள், சூட்டில் உருகும்.

தொடவே கூடாதவை உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் நேர் நேராக வளர்ந்திருக்கும் அரளிக் குச்சியைப் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் நஞ்சு. புகையை முகத்துக்கு நேரே வைத்து ஊதும் வேலைக்கு அதையா எடுப்பது? திருகுக்கள்ளியும் தொடக் கூடாததுதான், காய்ந்தாலும் வேண்டாம். காட்டுப் பக்கம் சேங்கொட்டை மரம் இருக்கும். அதன் சாறு பட்டால் தோல் கொப்புளிக்கும். பெயர் தெரியாத செடியை விட்டுவிடுங்கள். ஊர்ப் பெரியவர் யாரையாவது கேளுங்கள், எது தீண்டும் எது தீண்டாது என்று அவருக்குத் தெரியும்.

சேகரித்ததை எங்கே வைப்பது? தகடூர் அதியமானைப் பாடும் ஔவையார், வீட்டுக் கூரையில் செருகிவைத்த தீக்கடைகோலை அவனுக்கு உவமையாகச் சொல்கிறார். அந்தத் தகடூர்தான் நம் தர்மபுரி. பாட்டு அவன் வீரத்தைப் பற்றியது. என் தொழில்புத்திக்கு முதலில் தெரிவது, கோலை மழையும் பனியும் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே. தளி, தேன்கனிக்கோட்டைப் பனியில் இரவு வெளியே கிடந்த கட்டையைக் காலையில் எடுத்துக் கடைந்துவிட்டு மரத்தைத் திட்டாதீர்கள்.

காய்ந்த சுள்ளிதானே என்று காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். அங்கே தீ மூட்டுவதும் குற்றம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் நம் மாவட்டங்களில்தான் இருக்கிறது. பிப்ரவரி தொடங்கி மழை வரும்வரை அங்கே ஒரு பொறி போதும். பள்ளி மைதானத்தில், சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு கடையுங்கள்.

அடுத்த முகாமுக்கு வரும் ஆசிரியர்களே, தயவுசெய்து கட்டைகளை முதல் நாளே என்னிடம் காட்டிவிடுங்கள். அதுவரை பிள்ளைகள் கையில் அரிவாளைக் கொடுக்காதீர்கள்.